விளக்கு எரிகிற வீட்டின் கதவைத் தட்டுங்கள்

இந்த ஆகஸ்ட்டில் நாங்கள் அமெரிக்காவின் மேடிசனை விட்டுப் புறப்படுகிறோம். மண்ணியலில் முனைவர் பட்டம் படிக்க வந்தேன். பல்கலைக்கழகத்தின் ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்பில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்டோபர் 31 மாலையில் குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனை ஏழு முறை பார்த்துவிட்டோம். ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் நேரத்தில் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களாவது கைக்குழந்தையும் பிரஷர் குக்கருமாக இங்கே வந்து இறங்கும். அக்டோபர் பிறந்ததும் அவர்கள் எல்லாரும் ஹாலோவீனைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். அடுத்த அக்டோபரில் பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மேடிசன் இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர். ஒரு முனையில் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றத்தின் வெள்ளைக் குவிமாடம், மறுமுனையில் 1848-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இரண்டையும் இணைக்கும் ஸ்டேட் ஸ்ட்ரீட். படிக்க வருகிறவர்கள் இரண்டு ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை நாம் கற்றுக்கொள்வதற்குள் அவர் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார். ஆண்டு முழுவதும் யாரும் யார் கதவையும் சொல்லாமல் தட்டமாட்டார்கள். அக்டோபர் 31 மாலையில் மட்டும் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டினால் மகிழ்ச்சியோடு திறப்பார்கள். புதிதாக வந்த குடும்பம் இந்த மாலையைத் தவறவிடவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். நான் இந்த ஊரில் கால் ஊன்றியதே அப்படித்தான்.

முதலில் ஊரில் இருக்கும் பெரியவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். என் அம்மா வேதாரண்யத்தில் இருக்கிறார். பச்சைக் குழந்தைக்கு எலும்புக்கூடு, பேய் என்று எதற்கு வேடம் என்று முதல் ஆண்டு மிகவும் வருத்தப்பட்டார். நான் சொன்ன பதில் இதுதான்: வேளாங்கண்ணிப் பக்கம் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்களே, அதற்கு முந்தைய நாளான நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள். அந்தத் திருநாளுக்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். அதற்கும் பழைய வேர், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கொண்டாடிய ‘சாவின்’ (Samhain) என்ற பண்டிகை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அதைவிடப் பெரிதாக, குடைய எளிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. செதுக்கிய காயைக் காணொளியில் காட்டியபோது அம்மா அமைதியாகிவிட்டார். புது வீட்டு வாசலில் கட்டுகிற திருஷ்டிப் பூசணியைப் போல இருக்கிறது, அப்படியானால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

பரங்கிக்காய்

சட்டமன்றச் சதுக்கத்தைச் சுற்றிச் சனிக்கிழமை காலையில் கூடும் டேன் கவுன்டி உழவர் சந்தையில் வாங்குங்கள். 1972 முதல் நடந்துவரும் சந்தை அது. விளைவித்தவரே நின்று விற்பார். செதுக்குகிற காய் வேறு, சமைக்கிற காய் வேறு. பெரியது நீர் கோத்து நார் நாராக இருக்கும். கூட்டுக்கோ பாயசத்துக்கோ ஆகாது. சமையலுக்குப் பை பம்ப்கின் என்று கேட்டால் தேங்காயைவிடச் சற்றுப் பெரிய காயைத் தருவார்கள். அதுதான் நம் ஊர்ப் பரங்கியின் இனிப்புக்குப் பக்கத்தில் வரும்.

தூக்கும்போது காம்பைப் பிடிக்காதீர்கள். காம்பு ஒடிந்தால் அந்த இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். வாங்கி வந்ததும் செதுக்கவும் வேண்டாம். முழுக் காய் வாரக்கணக்கில் நிற்கும். வெட்டிய காய் ஐந்தாறு நாளில் சுருங்கிப் பூசணம் பிடித்துவிடும். அக்டோபர் 28-க்கு முன்னால் கத்தியைக் கையில் எடுக்க வேண்டாம்.

கத்தி என்று சொன்னேனே தவிர, சமையல் கத்தி இதற்கு ஆபத்தானது. கனத்த தோலில் சிக்கிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் கையைக் கிழிக்கும். அக்டோபரில் எல்லாக் கடையிலும் இதற்கென்றே சிறு ரம்பம் விற்பார்கள், அதை வாங்குங்கள். காம்பைச் சுற்றி மூடியாக வெட்டும்போது ரம்பத்தை உள்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அறுத்தால் மூடி உள்ளே விழுந்துவிடும். மூடியைத் திறந்ததும் வெள்ளரிப் பழத்தின் மணமும் ஈர மண் மணமும் கலந்து வரும். உள்ளே விதைகள் ஈர நூலில் கோத்தது போலத் தொங்கும். குழந்தையின் கையை அங்கேதான் விட வேண்டும். என் மகள் முழங்கை வரை விட்டு, கூச்சலிட்டு, பிறகு வெளியே எடுக்கவே மாட்டேன் என்றாள். முகம் வரப்போகும் பக்கத்தின் சதையை மட்டும் ஓர் அங்குல கனம் வரும்வரை இரும்புக் கரண்டியால் சுரண்டுங்கள். அப்போதுதான் அறுப்பதும் எளிது, வெளிச்சமும் நன்றாக வரும். முகத்தைத் தாளில் வரைந்து ஒட்டி, ஊசியால் புள்ளி குத்திக்கொள்ளுங்கள். பல், மூக்கு போன்ற சிறிய துளைகளை முதலில் அறுங்கள், பெரிய கண்களைக் கடைசியில். பெரிய துளையை முதலில் போட்டால் காய் வலுவிழந்து பல் முறியும். அறுத்த துண்டை வெளியே இழுக்காமல் உள்ளிருந்து விரலால் தள்ளுங்கள்.

உள்ளே வைக்க மின்கல விளக்கே போதும். வேட உடையின் தொங்கல் மெழுகுவத்தியில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய விளிம்பில் வாஸ்லின் தடவினால் காயாமல் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். இங்குள்ள சாம்பல் அணில்கள் ஒரே இரவில் மூக்கைத் தின்றுவிடும். நான் வாஸ்லினோடு மிளகாய்த் தூளைக் குழைத்துத் தடவினேன். எங்கள் வாசலில் அது பலன் தந்தது.

விதைகளைத் தூக்கி எறியாதீர்கள். அலசி, ஓர் இரவு துணியில் உலர்த்தி, உப்பும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் பிசறி, 175 டிகிரி செல்சியஸ் அடுப்பில் இருபது நிமிடம் வையுங்கள்; நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

வேடம்

கடையில் தொங்கும் வேட உடைகள் கண்ணாடித் தாள் போல மெல்லியவை. மேடிசனில் அக்டோபர் இறுதி மாலை 5, 6 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். 2019-இல் ஹாலோவீன் அன்றே பனி பெய்து தரை வெளுத்தது. அதனால் வேடத்தைக் குளிரை மனதில் வைத்துத் தொடங்குங்கள்: முதலில் கம்பளி, அதன் மேல் வேடம். கடை உடைதான் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஜாக்கெட் நுழையும்.

துணிக்கு நான் போகும் இடம் சவுத் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் செயின்ட் வின்சென்ட் டி பால் அமைப்பின் டிக் அண்ட் சேவ் கடை. பழைய துணிகள் தொட்டி தொட்டியாகக் கிடக்கும். எடை போட்டு விற்பார்கள். ஸ்டேட் ஸ்ட்ரீட்டிலேயே ராக்ஸ்டாக் என்ற பழைய உடைக் கடையும் உண்டு, விலை கூடுதல்.

2019-இல் என் மகளுக்கு நான்கு வயது. பூநாரை ஆக வேண்டும் என்றாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அம்மா அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியே சோறு ஊட்டியிருக்கிறார். டிக் அண்ட் சேவில் குல்லாய் வைத்த இளஞ்சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது. குல்லாயின் நெற்றியில் ஃபெல்ட் துணியில் வளைந்த அலகு தைத்தேன், நுனி மட்டும் கறுப்பு. உள்ளே பஞ்சு திணித்தால் அலகு கனத்துக் கண்ணை மறைத்தது. பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய அட்டையை வளைத்து வைத்தேன், நின்றது. காலுக்கு இளஞ்சிவப்பு வெப்ப உள்ளாடை. இரண்டு கைகளிலும் கிழித்த துணிப் பட்டைகளை இறகாகத் தொங்கவிட்டேன். எல்லாம் சேர்த்து ஆறு டாலர் ஆனது.

பனியில் நடந்து பக்கத்துச் சிற்றூரான ஷோர்வுட் ஹில்ஸில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்த முதியவர் அவளைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டார். இருவரும் வாசலிலேயே நின்று சொன்ன கதை இது. 1979 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கிய நாளில், பல்கலைக்கழகத்தின் பாஸ்கம் ஹில் புல்வெளி முழுவதும் பிளாஸ்டிக் பூநாரைகள் நின்றிருந்தன. 1,008 பொம்மைகள். மாணவர் பேரவையை நடத்திய குறும்புக்காரக் குழு இரவோடு இரவாக நட்டுவைத்தது. அவர்கள் இருவரும் அன்று அங்கே மாணவர்கள். 2009-இல் நகர மன்றம் பிளாஸ்டிக் பூநாரையையே மேடிசனின் அதிகாரபூர்வப் பறவையாக அறிவித்துவிட்டது. எனக்கு அந்த மாலை வரை இதெல்லாம் தெரியாது. என் மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, என் பாட்டி ஊரில் உண்மைப் பூநாரை இருக்கிறது என்றாள். அந்த அம்மையார் படியில் உட்கார்ந்து, பனி அவர் தலையில் விழ விழ, கோடியக்கரையைப் பற்றி அவளிடம் கேட்டார். அந்தத் தம்பதியரின் வீட்டுக்கு அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் போகிறோம்.

முகமூடி வேண்டாம். பக்கப் பார்வை மறைந்து குழந்தை படியில் தடுக்கும். முகத்தில் வண்ணம் பூசுங்கள். முதல் நாள் மணிக்கட்டில் சிறிது பூசித் தடிக்கிறதா என்று பாருங்கள்.

வேடத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு மக்களின் உடையை வேடமாக அணியாதீர்கள், அணிவிக்காதீர்கள். இந்தப் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுடையது; 1832 ஒப்பந்தத்தில் அதை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். இறகுத் தலையணி அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. என் ஆய்வகத்தில் ஒரு மாணவி ஹாலோவீனுக்கு உடுத்தப் புடவை கேட்டார். ஹாலோவீனுக்குத் தரமாட்டேன், தீபாவளிக்கு வாருங்கள், நானே கட்டிவிடுகிறேன் என்றேன். வந்தார், அரக்குப் பட்டில் மிக அழகாக இருந்தார்.

அந்த மாலை

இருட்டத் தொடங்குவது ஆறு மணிக்குச் சற்று முன்பு. எங்கள் பக்கம் ஐந்திலிருந்து எட்டு வரை குழந்தைகள் சுற்றுவார்கள். சுற்றியுள்ள சிற்றூர்கள் தங்கள் நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிடும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதி ஒன்றுதான். வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம், அணைந்திருந்தால் கடந்துவிட வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் விளக்கு பொது என்பதால், வருவோரை எதிர்பார்க்கும் வீடுகள் கதவில் காகிதப் பரங்கிக்காய் ஒட்டுகின்றன. கதவு திறந்ததும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" (குறும்பா, தின்பண்டமா) என்று குழந்தை சொல்ல வேண்டும். இரண்டு நாள் முன்பே பழக்குங்கள். வெட்கப்படும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம், பையை நீட்டினால் போதும். வீட்டுக்காரர் தட்டை நீட்டினால் ஒரு மிட்டாய் மட்டும், இன்னும் எடுத்துக்கொள் என்றால் இரண்டு. சிலர் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அங்கும் ஒன்றுதான். பைக்குத் தலையணை உறையைவிட நல்லது எதுவும் இல்லை. பெற்றோர் படிக்குக் கீழே நின்றுகொள்வது வழக்கம். ஆனால் அடுத்த பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள். என் முதல் மூன்று தோழிகள், ஒருவர் கொரியர், ஒருவர் பிரேசில்காரர், ஒருவர் கென்யாக்காரர், அந்தப் படிகளுக்குக் கீழே கிடைத்தவர்கள்தான்.

மிட்டாயில் விஷம் இருக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அறிமுகமில்லாதவர் தந்த மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான வழக்கு எதையும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் கண்டதில்லை. உண்மையான ஆபத்து கார். இருட்டில், கறுப்பு வேடத்தில், சாலையின் குறுக்கே ஓடும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படுவதில்லை. ஒளியைத் திருப்பி அடிக்கும் நாடாவை முதுகிலும் பையிலும் ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள், மூலையில் மட்டும் சாலையைக் கடக்கச் செய்யுங்கள்.

நம் வீட்டில் கொடுக்க: தனித்தனியாக உறையிட்ட சிறு சாக்லெட் மட்டும். முறுக்கும் அதிரசமும் கொடுக்க நமக்கு ஆசையாக இருக்கும். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வேடம். டப்பா நிறைய முறுக்கு இருந்தும் குழந்தைகளின் பையில் போடவில்லை. உறையில்லாத வீட்டுப் பண்டத்தைப் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள், அதில் தவறும் இல்லை. குளிரில் நிற்கும் பெற்றோருக்கு இஞ்சி டீயும் முறுக்கும் நீட்டினேன். இரண்டு டப்பா காலி. முதல் ஆண்டு, 2018-இல், ஐம்பது மிட்டாய் வாங்கி ஆறு மணிக்கே தீர்ந்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு வெளியே சிறு காலடிகள் வந்து திரும்பிப் போகும் ஓசை இன்னும் நினைவிருக்கிறது. நூற்றைம்பதாவது வாங்குங்கள்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காகத் தனிக் கிண்ணத்தில் பென்சில், ஸ்டிக்கர், சிறு பந்து வையுங்கள். நீலப்பச்சை நிறம் பூசிய பரங்கிக்காயை வாசலில் வைத்தால் அந்த வீட்டில் உணவல்லாத பரிசும் உண்டு என்று பொருள். 2014-இல் நாடு முழுவதும் பரவிய பழக்கம் இது.

வீடு திரும்பியதும் பையைத் தரையில் கொட்டிப் பிரியுங்கள். சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். கரடி வடிவ கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட், பெரும்பாலான கேண்டி கார்ன் எல்லாவற்றிலும் விலங்கெலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். எங்கள் வீட்டில் அவற்றை மகள் தோழியிடம் கொடுத்துச் சாக்லெட்டாக மாற்றிக்கொள்வாள்.

தனியாக வந்திருக்கும் மாணவர்களுக்கு

ஸ்டேட் ஸ்ட்ரீட் ஹாலோவீன் பற்றிக் கதைகள் கேட்பீர்கள். 1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய தெருக் கொண்டாட்டம், 2000-களின் தொடக்கத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்து போலீஸ் மிளகுப் புகை அடிக்கும் அளவுக்குப் போனது. 2006-இல் நகராட்சி தெருவை வேலியிட்டு நுழைவுக் கட்டணம் வைத்தது. பிறகு ஃப்ரீக்ஃபெஸ்ட் என்ற பெயரில் இசை நிகழ்ச்சியாக நடந்தது. பெருந்தொற்றோடு அது நின்றுவிட்டது. ஆனாலும் 31-க்கு அருகிலுள்ள வார இறுதியில் வேடமிட்டவர்கள் தெருவை நிறைப்பார்கள். போய்ப் பாருங்கள், கண்ணுக்கு விருந்து. 21 வயது நிறையாமல் மதுவைத் தொடாதீர்கள். நிறைந்திருந்தாலும் திறந்த பாட்டிலோடு தெருவில் நடக்கக் கூடாது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு போகாது, விசாவே ரத்தாகலாம். பொம்மைத் துப்பாக்கியை வேடத்தில் சேர்க்கவே வேண்டாம். ஈகிள் ஹைட்ஸ் திரும்ப 80-ஆம் எண் பஸ் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கடைசி பஸ் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று: குழந்தை உள்ள வீட்டுக்காரர்களிடம், நான் கூட வரட்டுமா என்று கேளுங்கள். எங்களோடு நான்கு ஆண்டுகள் வந்த ஒரு மதுரைத் தம்பிதான் என் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஊரில் தங்கையை விட்டுவிட்டு வந்தவர்.

நவம்பர் 2-க்குள் பரங்கிக்காயை எடுத்துவிடுங்கள். குடியிருப்புத் தோட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால் உரக்குழியில் போடுவார்கள். வண்ணம் பூசியதை மட்டும் கொடுக்காதீர்கள். துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தால் விரைவில் மக்கும்.

வேட உடைகளைத் தூக்கி எறிய வேண்டாம். எங்கள் கட்டடத்துச் சலவை அறையில், உலர்த்தும் எந்திரத்துக்கு மேல் அலமாரியில் ஒரு பெரிய நீலப் பெட்டி வைத்திருக்கிறோம். ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு குடும்பமும் எதையாவது அதில் போட்டுவிட்டுப் போகிறது. கொரியத் தோழி விட்டுப்போன புலி இருக்கிறது, இரண்டு விண்வெளி வீரர்கள் இருக்கிறார்கள், வால் அறுந்த டைனோசர் இருக்கிறது. பூநாரையை இதுவரை மூன்று குழந்தைகள் அணிந்துவிட்டார்கள். நான்கைந்து வயதுக்குச் சரியாக இருக்கும். அலகு இடது பக்கம் தையல் விட்டிருக்கிறது. கறுப்பு நூலும் ஊசியும் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.